மேட்டுக்கொல்லையில் டிராக்டர் தூக்கியது, சாய்ந்தது – உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

பென்னாகரத்தான்:
போன ஐப்பசி மழை விட்டு நாலு நாள் இருக்கும். எங்கள் மேட்டுக்கொல்லையில் ஒரு புளியமரத்து வேர்க்கட்டை கிடக்கிறது, உழும்போதெல்லாம் கலப்பை அதில்தான் முட்டும். இழுத்துவிடலாம் என்று சங்கிலி போட்டேன். கீழே டிரெய்லர் மாட்டுகிற டிராபாரில் இரும்புப் பின் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. சரி என்று மேலே, கலப்பையின் மேல்கம்பியான டாப் லிங்க் மாட்டுகிற இடத்தில் மாட்டினேன். விஷயம் தெரிந்தவர்களுக்கு இப்போதே வயிற்றைக் கலக்கும்.

முதல் இழுப்புக்கு அசையவில்லை. இரண்டாவது தடவை ஆக்சிலேட்டரைக் கூட்டிக் கிளட்சை விட்டேன். எதிர்க்கரையில் ஒரு பனைமரம், பானெட்டுக்கு மேலே அதன் தலை தெரிந்துகொண்டிருந்தது. அது இறங்குகிறது. பனைமரம் ஏன் இறங்குகிறது என்றுதான் யோசித்தேன், சத்தியமாக. அப்புறம் பனை இல்லை, புகைக்குழாயும் வானமும்தான். கால் எப்படியோ கிளட்சை மிதித்துவிட்டது. முன்சக்கரம் தொப்பென்று விழுந்ததில் நாக்கைக் கடித்துக்கொண்டேன், வாயெல்லாம் ரத்தம்.

மட்கார்டில் அக்கா பையன் உட்கார்ந்திருந்தான். ஏழாவது படிக்கிறான். "மாமா, இன்னொரு தடவை தூக்கு" என்றான்.

சந்தூர் மாந்தோப்பு:
எனக்கு நடந்தது இறக்கத்தில். பெங்களூரா மாங்காய் அறுப்பு, கூழ் ஃபேக்டரிக்கு அன்றைக்கு இரண்டாவது லோடு. தோப்பிலிருந்து தார்ரோட்டுக்கு இறங்குகிற மண்பாதையில் டிரைவர் நியூட்ரலில் விட்டுவிட்டார். டீசல் மிச்சம் பிடிக்கிறாராம். ஒற்றை அச்சு டிரெய்லர், அதற்கு ஏது பிரேக்? பின்னாலிருந்து தள்ள ஆரம்பித்ததும் பயந்து பிரேக்கை அழுத்தினார். டிராக்டரில் இடது, வலது பின்சக்கரத்துக்குத் தனித்தனி பிரேக் கட்டை (பெடல்); உழவு ஓட்டும்போது பிரித்ததைத் திரும்ப லாக் போட்டு இணைக்கவே இல்லை. வலது கட்டை மட்டும் பிடித்து வண்டி அப்படியே வலப்பக்கம் திரும்பியது, டிரெய்லர் குறுக்கே மடங்கி எல்லாம் சாய்ந்தது.

லோடு மேல் நாலு பெண்கள் இருந்தார்கள். ஒருவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது, மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. எனக்கு மறக்காதது வேறு. வண்டி நின்று, புழுதி அடங்கி, யாரும் பேசவில்லை. மாங்காய் மட்டும் சரிவில் உருண்டுகொண்டே இருந்தது. இவ்வளவு நேரமா உருளும்?

பழைய டிரைவர்:
பென்னாகரத்துத் தம்பி, கிளட்ச் உன்னைக் காப்பாற்றியது என்று நினைக்காதே. முன்பக்கம் தூக்க ஆரம்பித்தால் முழுசாகக் கவிழ ஒன்றரை நொடிதான், அதில் பாதி போன பிறகு கிளட்சை மிதித்தாலும் பிரயோஜனம் இல்லை. எஞ்சின் பின் அச்சைச் சுழற்றப் பார்க்கிறது. சக்கரம் சுற்ற முடியாமல் பிடித்துக்கொண்டால் அச்சைச் சுற்றி வண்டியே எழும்பும். சங்கிலியை அச்சுக்கு மேலே மாட்டினால் கட்டையும் சேர்ந்து பின்னால் இழுக்கும். கீழே டிராபாரில் மாட்டு, எப்போதும். சேற்றில் பின்சக்கரம் புதைந்தாலும் இதே கதைதான். சக்கரத்துக்கு முன்னால் கட்டை போட்டு முன்பக்கமாக ஏற்றப் பார்க்காதே, ரிவர்ஸில் எடு. செங்குத்து மேடானாலும் ரிவர்ஸில்தான் ஏறவேண்டும்.

சந்தூர்க்காரரே, எந்த கியரில் ஏறுமோ அதே கியரில் இறங்கவேண்டும், நடுவில் மாற்றக்கூடாது. திருப்பத்தில் வேகம் இரண்டு மடங்கானால் வெளியே தள்ளுகிற விசை நாலு மடங்கு. மாமரத்துக்கு மருந்து அடிக்கிறவர்கள் டேங்கைப் பாதியாக வைத்துக்கொண்டு சரிவில் குறுக்கே ஓட்டாதீர்கள், உள்ளே தண்ணீர் ஒருபக்கம் ஓடும். வண்டி கவிழ்ந்தால் ஆள் நசுங்காமல் இருக்க சீட்டுக்குப் பின்னால் நிற்கிற கம்பி வளைவைக் கிளை தட்டுகிறது என்று கழற்றி மாட்டுக்கொட்டகையில் போடுகிறார்கள். ஸ்வீடனில் 1959லேயே புது டிராக்டருக்கு அது கட்டாயம் என்று சட்டம் போட்டார்கள். மடக்குகிற மாதிரியும் வருகிறது, கிளைக்கு அடியில் மட்டும் மடக்கிவிட்டு அப்புறம் நிமிர்த்திக்கொள்ளலாம். அந்தக் கம்பி இருந்தால்தான் பெல்ட் போடவேண்டும், இல்லாத வண்டியில் பெல்ட் போட்டால் வண்டியோடு சேர்ந்து நசுங்குவாய்.

அப்புறம், லோடு மேல் ஆள் ஏறுவதை என்னால் புரிந்துகொள்ளவே முடியவில்லை. படித்துப் படித்துச் சொன்னாலும் ஏறுவார்கள். என் கதை என்று கேட்டால், வத்தல்மலை இறக்கத்தில் ஒருமுறை தப்பித்தேன், அவ்வளவுதான்.

பர்கூர் பொண்ணு:
அண்ணா, புரியாததற்கு என்ன இருக்கிறது? எங்கள் அம்மா இருபது வருடமாக மாங்காய் அறுப்புக்குப் போகிறார். அறுப்பு முடிய சாயங்காலம் ஆகிவிடும், தோப்பிலிருந்து பஸ் நிற்கிற இடத்துக்கு நாலு கிலோமீட்டர். "ஏறுங்க, சீக்கிரம்" என்று கூப்பிடுவார்கள். நடந்து வருகிறேன் என்று சொன்னால் நாளைக்குக் கூப்பிடமாட்டார்கள். ஏறுகிறவர்களிடம் கோபப்படுவதை விட்டுவிட்டு ஏற்றுகிறவர்களிடம் படித்துப் படித்துச் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு நடந்தது கவிழ்ந்துகூட இல்லை. கரையோரம் சக்கரம் இறங்கி வண்டி ஒருபக்கம் சாய்ந்தது, அவ்வளவுதான். கீழே விழுந்துவிடுவோம் என்று அடுக்கியிருந்த மாங்காய்ப் பெட்டியை, கிரேட்டை, பிடித்தார். கிரேட் சரிந்து விரல் இரண்டு நடுவில் மாட்டிக்கொண்டது. இப்போதும் பூ கட்டும்போது அந்த இரண்டு விரல் நூலைப் பிடிக்காது.

அஞ்செட்டிக்காரன்:
கரையோரம் என்றதும் சொல்கிறேன். எங்கள் பக்கம் எல்லாம் கல்லுக்கரைதான், படிப்படியாகக் கொல்லை. மழை ஊறினால் கல் உள்ளே பெயர்ந்திருக்கும், மேலே பார்த்தால் தெரியாது. கரை எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம் உள்ளே தள்ளி ஓட்டவேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் மணிக்கணக்கு வாடகை கொடுக்கிறவர், "ரெண்டு சால் விட்டுட்டியே, யாரு மாட்டை ஓட்டி உழுவாங்க" என்பார். ஓரமாகப் போனேன். ஒரு கல் நழுவுகிற சத்தம் கேட்டது. எஞ்சின், பின்னால் மண்ணைக் கிளறுகிற ரொட்டவேட்டர் இரண்டும் ஓடுகிற சத்தத்தில் அது எப்படிக் கேட்டது என்று இன்றைக்கும் தெரியவில்லை. சரிவுப் பக்கமே சக்கரத்தைத் திருப்பிக் கீழ்க்கொல்லைக்கு நேராக இறக்கிவிட்டேன். ராகிப் பயிர் நாசம். அதற்கான காசை வாடகையில் பிடித்துக்கொண்டார்.

பென்னாகரத்தான்:
பழைய டிரைவர் அண்ணா, டிராபார் பின்னைச் சுத்தியால் அடித்துக் கழற்றி எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். அரைமணி நேர வேலை. அன்றைக்கே செய்திருக்கலாம்.

அக்காவுக்கு இன்னும் தெரியாது. பையன் போனவாரமும் வந்தான், வந்ததும் மட்கார்டில்தான் ஏறப் பார்த்தான். இறங்கு என்றேன். ஏன் என்று கேட்டான். எண்ணெய் ஒட்டும் என்று சொல்லிவிட்டேன்.

வேர்க்கட்டை அங்கேயேதான் கிடக்கிறது. சுற்றி உழுதுகொள்கிறேன்.