சாஸ்கடூனில் இப்போது வீடு வாங்கலாமா? ஜான்சன் சுரங்க வேலையும் நகரின் விரிவும்

கேள்வி: கிழக்குவாசல்

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் கனடாவின் ஒன்ராறியோவில் வாடகை வீட்டில் வசிக்கிறோம். என் கணவர் மின்பணியாளர். சஸ்காச்சுவான் மாகாணத்திலுள்ள சாஸ்கடூன் நகருக்குக் கிழக்கே கட்டப்பட்டுவரும் ஜான்சன் பொட்டாஷ் (உரமாகப் பயன்படும் உப்புத் தாது) சுரங்கத்தில் ஓர் ஒப்பந்த நிறுவனத்தின் வழியாக அவருக்கு வேலை வந்திருக்கிறது. எங்களுக்கு ஆரம்பப் பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். சேமித்து வைத்த பணத்தில் பிரைட்டன், ரோஸ்வுட் போன்ற புதிய குடியிருப்புகளில் இப்போதே ஒரு வீட்டை வாங்கிவிடுங்கள், சுரங்கம் திறந்ததும் விலை எட்டாத உயரத்துக்குப் போய்விடும் என்று ஒரு வீட்டு முகவர் தினமும் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவசரப்பட்டு வாங்கி மாட்டிக்கொள்ளவும் மனமில்லை, தயங்கி நின்று வாய்ப்பை இழக்கவும் மனமில்லை. அந்த ஊரின் வளர்ச்சி உண்மையில் சுரங்கங்களை நம்பித்தான் இருக்கிறதா? நகரைச் சுற்றியுள்ள சுரங்கங்களால் நீருக்கோ காற்றுக்கோ பாதிப்பு உண்டா? அங்கேயே வாழ்ந்து பார்த்தவர்கள் சொன்னால் பெரும் உதவியாக இருக்கும்.

பதில் 1: நில_அளவை

வணக்கம் சகோதரி. நான் இந்த நகரில் குடியிருப்புப் பகுதிகளுக்கான சாலை, வடிகால் வடிவமைப்பில் பல ஆண்டுகளாக வேலை செய்பவன். முகவர் சொன்னதை அப்படியே ஏற்பதற்கு முன் இரண்டு எண்களைப் பாருங்கள். 2021 ஆகஸ்டில் ஜான்சனின் முதல் கட்டத்துக்கு ஒப்புதல் அளித்தபோது, அதைக் கட்டிவரும் பிஎச்பி நிறுவனமே வெளியிட்ட கணக்கின்படி, கட்டுமானம் உச்சத்தில் இருக்கும்போது ஏறத்தாழ 3,500 பேருக்கு வேலை கிடைக்கும், சுரங்கம் இயங்கத் தொடங்கிய பின் நிரந்தரமாக இருக்கப்போவது சுமார் 600 பேருக்கான வேலை. 2023 அக்டோபரில் ஒப்புதல் பெற்ற இரண்டாம் கட்டத்தையும் சேர்த்தாலும் நிரந்தர வேலைகள் ஆயிரத்தைத் தாண்டுவதாகச் சொல்லப்படவில்லை. ஆகவே, சுரங்கம் திறந்ததும் ஆட்கள் வந்து குவிவார்கள் என்ற கணக்கு தலைகீழானது. திறப்பதற்கு முந்தைய ஆண்டுகள்தான் ஆட்கள் அதிகம் இருக்கும் காலம். அவர்களிலும் பெரும்பகுதியினர் சுரங்கத்துக்கு அருகிலுள்ள முகாமிலேயே தங்கிவிட்டு, பணிமுறை முடிந்ததும் தத்தம் ஊருக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

கால அட்டவணையும் நிலையானதல்ல. முதல் கட்டச் செலவாக முதலில் 570 கோடி அமெரிக்க டாலர் அறிவிக்கப்பட்டது. 2025 ஜூலையில் அது 700 முதல் 740 கோடி வரை போகும் என்றும், 2026 இறுதியில் எதிர்பார்க்கப்பட்ட முதல் உற்பத்தி 2027 நடுப்பகுதிக்குத் தள்ளிப்போகிறது என்றும் நிறுவனமே தெரிவித்தது. இரண்டாம் கட்டத்தையும் இரண்டு ஆண்டுகள் தள்ளிவைப்பது பற்றி அப்போதே பேசப்பட்டது. ஒரு குடும்பத்தின் 25 ஆண்டு வீட்டுக் கடனை இத்தகைய அட்டவணையோடு முடிச்சுப்போடுவது சரியல்ல.

நகரின் வளர்ச்சி சுரங்கத்தை மட்டும் நம்பியதா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. பல்கலைக்கழகம், மருத்துவமனைகள், சுற்றுவட்டார வேளாண்மைக்கான வணிகம், வெளிநாடுகளிலிருந்து வந்து குடியேறுவோர் ஆகிய எல்லாமே அதற்குக் காரணம். 2021 கணக்கெடுப்பில் நகர எல்லைக்குள் 2,66,141 பேர் இருந்தார்கள். மக்கள்தொகை 5 லட்சத்தைத் தொடும்போது நகரம் எப்படி இருக்க வேண்டும் என்ற வளர்ச்சித் திட்டத்தை மாநகரசபை 2016 இலேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. பேருந்துகளுக்கான விரைவுத் தடங்கள், நடுநகரை அடர்த்தியாக்குதல், கிழக்கே ஹோம்வுட் பகுதியைத் திறத்தல் எல்லாம் அந்தத் திட்டத்திலிருந்து பிறந்தவை. பிரைட்டன் அந்த ஹோம்வுட் பகுதியின் முதல் குடியிருப்பு.

பலர் கவனிக்காத விஷயம், பணம் எந்தப் பையிலிருந்து எந்தப் பைக்குப் போகிறது என்பது. பொட்டாஷுக்கான உரிமத் தொகையும் உற்பத்தி வரியும் மாகாண அரசுக்குப் போகின்றன. சுரங்கங்கள் கிராமப்புற நகராட்சிகளின் எல்லைக்குள் இருப்பதால் அவற்றின் சொத்துவரி அந்தப் பக்கம் போகிறது. சாஸ்கடூன் நகரமோ பெரும்பாலும் தன் குடிமக்களும் கடைகளும் செலுத்தும் சொத்துவரியில் ஓடுகிறது. மாகாணம் விற்பனை வரியிலிருந்து ஒரு பங்கை எல்லா நகராட்சிகளுக்கும் பகிர்ந்தளிக்கிறது, அவ்வளவுதான். சுரங்கத்தில் வேலை செய்பவர் இங்கே வீடு வாங்கினால் அவருக்குச் சாலையும், குழாயும், பனி அள்ளும் வண்டியும், தீயணைப்பு நிலையமும் தர வேண்டியது நகரம். அந்தச் செலவு ஆண்டுதோறும் சொத்துவரி உயர்வாக உங்கள் கையில் வந்து நிற்கும். வீட்டு விலையை மட்டும் கேட்டுவிட்டு, சொத்துவரி எவ்வளவு என்று கேட்காமல் யாரும் கையெழுத்திட வேண்டாம்.

நிலத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கனடாவின் மற்றப் பெருநகரங்களில் காண்பதற்கு அரிய வழக்கம் இங்கே உண்டு. நகர நிர்வாகமே 1950களிலிருந்து புறநகர் வயல்களை முன்கூட்டி வாங்கி வைத்து, தேவைப்படும்போது சாலையும் குழாயும் போட்டு மனைகளாக விற்கிறது. எவர்கிரீன், ஆஸ்பென் ரிட்ஜ் போன்றவை அப்படி உருவானவை. நகரைச் சுற்றிச் சமவெளியாக நிலமும் இருக்கிறது, அதில் ஒரு பகுதி நகரின் கையிலேயும் இருக்கிறது. டொராண்டோவைப் போல் இங்கே விலை ஒரேயடியாகப் பாயாததற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு.

பிள்ளைகள் இருப்பதால் பள்ளியை மறந்துவிடாதீர்கள். ஸ்டோன்பிரிட்ஜ், எவர்கிரீன், ரோஸ்வுட், ஹாம்ப்டன் வில்லேஜ் ஆகிய நான்கு பகுதிகளிலும் வீடுகள் வந்து பல ஆண்டுகள் கழிந்த பிறகே, 2017 இல் புதிய பள்ளிகள் திறந்தன. அதுவரை பிள்ளைகள் பேருந்தில் வேறு பகுதிகளுக்குப் போய் வந்தார்கள். வரைபடத்தில் பள்ளிக்கென்று பச்சைக் கட்டம் போட்டிருப்பதைப் பள்ளி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பள்ளிக்கு நிதி தருவது மாகாணம், நகரமல்ல.

பதில் 2: ஆயிரம்_மீட்டர்_கீழே

அக்காவுக்கு வணக்கம். நான் ஜான்சனில் இல்லை. நகருக்குப் பக்கத்திலுள்ள வேறொரு பொட்டாஷ் சுரங்கத்தில் நிலத்தடியில் இயந்திரப் பராமரிப்பு செய்கிறேன். வேலையைப் பற்றித் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கூண்டில் இறங்கி ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் ஆழத்துக்குப் போன பிறகு, வண்டியில் இருண்ட பாதைகளில் நெடுந்தூரம் ஓட வேண்டும். வெளியே மைனஸ் முப்பது டிகிரியாக இருந்தாலும் கீழே ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பாகவே இருக்கும். வெளிச்சம் பட்டால் சுவர்கள் இளஞ்சிவப்பாக மின்னும். முறை முடிந்து மேலே வரும்போது உதட்டை நாக்கால் தொட்டால் உப்புக் கரிக்கும். அந்த உப்பு எந்த இரும்பையும் விட்டுவைப்பதில்லை. மின்பணியாளருக்கு அங்கே வேலை ஓயாது என்பதற்கு அந்தத் துருவே காரணம். உங்கள் கணவரிடம் மாகாணங்களுக்கிடையே செல்லுபடியாகும் ரெட் சீல் சான்றிதழ் இருந்தால், கட்டுமானம் முடிந்த பிறகும் இங்குள்ள எந்தச் சுரங்கத்திலும் விண்ணப்பிக்க முடியும்.

ஆனால் இந்தத் தொழில் உலகச் சந்தையின் விலையோடு ஏறி இறங்குவது. 2019 இல் பொட்டாஷ் விலை சரிந்தபோது மொசைக் நிறுவனம் கோலன்சே சுரங்கத்தை நிறுத்தியது. நியூட்ரியன் நிறுவனமும் தன் சுரங்கங்கள் சிலவற்றைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தது. 2021 இல் மொசைக்கின் எஸ்டர்ஹேசி சுரங்கத்தின் பழைய ஷாஃப்ட்டுகளில் (இறங்கு குழிகளில்) உவர்நீர் புகுந்து அவற்றைத் திட்டமிட்டதற்கு முன்பே மூட நேர்ந்தபோது, அதே கோலன்சேயை மீண்டும் திறந்தார்கள். அடுத்த ஆண்டு, பொட்டாஷ் ஏற்றுமதி செய்யும் பெலாரஸ் மீதான தடைகளும் உக்ரைன் போரும் சேர்ந்து விலையை உச்சத்துக்குத் தூக்கின. வடக்கே யுரேனியத்திலும் இதே கதைதான். மக்ஆர்தர் ரிவர் சுரங்கம் 2018 தொடக்கத்தில் நின்றது, மறுபடி உற்பத்தி தொடங்க 2022 நவம்பர் ஆகிவிட்டது. நடுவில் நூற்றுக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். அந்த ஆண்டுகளில் வீட்டுக் கடனைக் கட்ட முடியாமல் தவித்த நண்பர்களைப் பார்த்தவன் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்: ஆறு மாதக் குடும்பச் செலவைக் கையில் வைத்துக்கொள்ளாமல் சுரங்கச் சம்பளத்தை நம்பி வீடு வாங்காதீர்கள். மேலதிக நேரச் சம்பளத்தையும் சேர்த்துக் கடன் தகுதியைக் கணக்கிட வேண்டாம், அடிப்படைச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடுங்கள்.

தூரத்தையும் யோசியுங்கள். ஜான்சன் நகரிலிருந்து கிழக்கே சுமார் 140 கிலோமீட்டர். அங்கே போகும் 16 ஆம் நெடுஞ்சாலை கோடையில் நேர்கோடு போல் சுகமாக இருக்கும். ஜனவரியில் வயலிலிருந்து கிளம்பும் பனிப்புழுதி தரையோடு தரையாகச் சாலையை மறைத்துவிடும், முன்னே போகும் லாரியின் பின்விளக்கும் தெரியாது. பன்னிரண்டு மணி நேர வேலைக்குப் பின் அந்தச் சாலையில் தினமும் ஓட்டுவது உயிரோடு விளையாடுவது. முகாமில் தங்கும் ஏற்பாடு இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வியாளர்: கிழக்குவாசல்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. முகாமில் தங்கும் வசதி உண்டு என்றும், வேலை கட்டுமானக் கட்டத்துக்கு மட்டுமே என்றும் கடிதத்தில் இருப்பதை இப்போதுதான் கவனமாகப் படித்தோம். நீர், காற்று பற்றிய கேள்விக்கு யாராவது பதில் சொல்ல முடியுமா? இளைய மகனுக்கு மூச்சிரைப்பு உண்டு.

பதில் 3: புல்வெளிக்_காவல்

வணக்கம். நகரைச் சுற்றி வண்டியில் போனால், கண்ணுக்கெட்டிய தூரம் தட்டையாக இருக்கும் வயல்களுக்கு நடுவே திடீரென்று சாம்பல் நிறக் குன்றுகள் எழுந்து நிற்பதைக் காண்பீர்கள். அவை குன்றுகளல்ல, உப்புக் குவியல்கள். தோண்டியெடுக்கும் தாதுவில் பொட்டாஷ் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, மிச்சத்தில் பெரும்பகுதி சாதாரண உப்பு. ஒரு டன் பொட்டாஷ் எடுத்தால் சுமார் இரண்டு டன் உப்பு மேலே தங்கிவிடும். மேற்கே கோரி சுரங்கம் நகருக்கு மிக அருகில் இருக்கிறது. தென்மேற்கே வான்ஸ்கோய், கிழக்கே பேஷன்ஸ் லேக், தென்கிழக்கே ஆலன் என்று சுற்றிலும் இவை உண்டு. மழையில் கரைந்து ஓடும் உவர்நீரைக் களிமண் கரைகளும் குளங்களும் தடுக்கின்றன, மிகுதியை ஆழ்கிணறுகள் வழியாகப் பூமிக்கடியில் செலுத்துகிறார்கள். கசிவு ஏற்பட்டால் முதலில் கெடுவது பக்கத்து வயலும் பண்ணைக் கிணறும்தான். அதனால் நகரக் குழாய்நீரைப் பற்றி உங்களுக்குப் பயம் வேண்டாம், ஆனால் ஊருக்கு வெளியே கிணற்று நீருடன் கூடிய வீடு வாங்குவதாக இருந்தால் நீர்ப் பரிசோதனை கட்டாயம். இந்தக் குவியல்கள் முழுவதும் கரைய நூற்றாண்டுகள் ஆகும். சுரங்கத்தை மூடிய பிறகும் பொறுப்பு தொடர வேண்டும், அதற்கான உத்தரவாதத் தொகையை மாகாணம் கறாராக வாங்கி வைக்க வேண்டும் என்று நாங்கள் ஓயாமல் கேட்டுக்கொண்டிருப்பது இதனால்தான்.

நகரின் குடிநீர் தெற்கு சஸ்காச்சுவான் ஆற்றிலிருந்து வருகிறது. அந்த ஆற்றை கார்டினர் அணை தேக்கி உருவாக்கிய டீஃபன்பேக்கர் ஏரியிலிருந்தே ஒரு கால்வாய் கிளம்பி, கிழக்கிலுள்ள சுரங்கங்களுக்கும் நீர் கொண்டுபோகிறது. ராக்கி மலைகளின் பனி குறையக் குறைய நகரம், சுரங்கம், பாசனம் மூன்றும் ஒரே ஏரியைப் பார்த்து நிற்கும் நிலை இது. இன்றைக்குத் தட்டுப்பாடு இல்லை. ஆனாலும் பத்து லட்சம் டன் கணக்கில் புதிய உற்பத்தியை அறிவிக்கும்போது நீர்க் கணக்கையும் பொதுமக்கள் முன் வைக்க வேண்டும் என்று கேட்பது நம் உரிமை.

மூச்சிரைப்பைப் பொறுத்தவரை, நகருக்குள் பொட்டாஷ் தூசியைவிட நீங்கள் அஞ்ச வேண்டியது கோடையில் வடக்கின் காட்டுத்தீயிலிருந்து வரும் புகை. அதோடு, புதிய குடியிருப்புகளில் கட்டுமானம் நடக்கும் ஆண்டுகளில் காற்று அடித்தால் மண் பறக்கும். பாதி கட்டிய தெருவைவிட, மரங்கள் வளர்ந்து நிற்கும் பழைய பகுதி உங்கள் மகனுக்கு நல்லது. காற்றை வடிகட்டும் கருவி ஒன்றை எப்படியும் வாங்கி வையுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் வடகிழக்கிலும் வீடு பார்ப்பீர்கள். எவர்கிரீன், ஆஸ்பென் ரிட்ஜ் பகுதிகளை ஒட்டி வடகிழக்கு ஸ்வேல் என்ற நீண்ட தாழ்நிலம் இருக்கிறது. ஆறு ஒரு காலத்தில் ஓடிய பழைய தடம் அது. உழப்படாத பிரேரிப் புல்லும், சிறுத்தைத் தவளையும், வசந்தத்தில் விடியற்காலையில் ஒரே இடத்தில் கூடி நின்று காலைத் தட்டி ஆடும் கூர்வால் காட்டுக்கோழியும் இன்னும் அங்கே இருக்கின்றன. இந்த மாகாணத்தின் இயற்கைப் புல்வெளியில் ஐந்தில் ஒரு பங்குகூட இன்று மிஞ்சவில்லை. மாகாணம் திட்டமிட்டிருக்கும் சுமார் 55 கிலோமீட்டர் நீளப் புறவழி நெடுஞ்சாலையின் பாதை இந்த ஸ்வேலைக் குறுக்கே வெட்டுகிறது. நகரம் வளர வேண்டும், சுரங்க லாரிகள் நகருக்குள் வராமல் சுற்றிப்போக வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அதற்கு விலையாக இந்த நிலத்தைக் கொடுக்கக் கூடாது, பாதையை மாற்ற வேண்டும். இங்கே குடிவந்தால் பொதுக் கருத்துக் கூட்டங்களுக்கு நீங்களும் வாருங்கள்.

பதில் 4: நில_அளவை

சகோதரி, கட்டுமானக் கட்டத்துக்கு மட்டுமான வேலை, முகாமில் தங்கும் வசதி என்ற இரண்டும் உறுதியான பிறகு என் யோசனை இதுதான்: முதல் ஓர் ஆண்டுக்கு வாடகைக்கு இருங்கள். உங்கள் கணவர் முகாமில் இருக்கும் நாட்களில் பிள்ளைகளோடு தனியாக இருக்கப்போவது நீங்கள், ஆகவே வீட்டின் இடத்தைச் சுரங்கத்தின் திசையை வைத்து முடிவு செய்யாமல், பள்ளி, மருத்துவர், பேருந்து ஆகியவற்றை வைத்து முடிவு செய்யுங்கள். அவருக்குப் பின்னர் ஜான்சனிலேயே நிரந்தர வேலை கிடைத்து, தினமும் வீட்டுக்கு வர வேண்டும் என்று விரும்பினால், ஹம்போல்ட் ஊரையும் ஒருமுறை போய்ப் பாருங்கள். சாஸ்கடூனைவிட அது சுரங்கத்துக்கு மிக அருகில் இருக்கிறது, மருத்துவமனையும் பள்ளிகளும் உண்டு. வாடகை ஒப்பந்தத்தில் வெப்பமூட்டும் செலவு யாருடையது என்பதைக் கையெழுத்திடும் முன் கேட்டுக்கொள்ளுங்கள், குளிர்காலத்தில் அது சிறிய தொகை அல்ல.