மறு: வளர்ந்துபோன புல்லுக்கு ஒரு சொல் (வியாழனுக்குள் வேண்டும்)

அன்புடையீர்,
டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் புதிதாக வீடு வாங்கிய நம்மவர்களுக்கான துண்டறிக்கை வியாழன் மாலை அச்சுக்குப் போகிறது. டொராண்டோவில் புல் 20 செ.மீ. தாண்டினால் நோட்டீஸ் வரும். வெட்டாவிட்டால் மாநகராட்சியே ஆளனுப்பி வெட்டி, செலவை வீட்டுவரியில் சேர்த்துவிடும். அந்தப் புல்லுக்கு "மிகைவளர் களை" என்று போட்டிருக்கிறேன். பொருந்துமா?
— சி.

சி. தம்பி,
"மிகை" வேண்டாம். அதே டொராண்டோவில் ஒரு அம்மா முன்தோட்டத்தைக் காட்டுச்செடிகளுக்கு விட்டுவிட, அபராதம் போட்டார்கள். 1996இல் மேல்முறையீட்டில் அவர் வென்றார். "அளவுக்கு மிஞ்சிய வளர்ச்சி" என்றிருந்ததே விதி, எந்த அளவு என்று யாருக்கும் தெரியாது, அந்தத் தெளிவின்மையாலும் அது செல்லாது என்றது நீதிமன்றம். அங்கே தோற்ற சொல்லைத் தமிழில் எழுப்பி நிறுத்தலாமா?

"களை"யும் வேண்டாம். களைவதற்குரியது களை. குறள் 550இல் பைங்கூழுக்கு எதிரே நிற்பது அது. துயர் களைபவனைக் களைகண் என்கிறோமே, அங்கேயும் இதே வினைதான். முகக்களை வேறு வேர் என்பார்கள், எனக்கு அதில் ஐயம் உண்டு, தனி இழையில் எழுதுகிறேன். இங்கே பேசுவது வீட்டுக்காரர் தாமே விதைத்து நீர் விட்ட புல். 20 செ.மீ. வரை பயிர், அடுத்த விரற்கடையில் களையா?
— ம.நா.

ஐயா,
எங்கட ஊரில "வளவு பற்றையாக் கிடக்கு" எண்டு சொன்னால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். ஸ்கார்பரோவில வாசிக்கப்போறது ஆர்? பற்றை எண்டே போடுங்கோ.
— வே.

வே. அண்ணா, மதுரையில் பற்றை யாருக்கும் புரியாது, புதர்தான். தவிர, பற்றையானாலும் புதரானாலும் செடிக்குத்தானே, புல்லுக்கு ஆகுமா? என் கையை விரித்து அளந்தேன்: கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை 20 செ.மீ., மயிரிழை கூட. "சாண்மிகு புல்" என்றால் அளவுகோலே தேவையில்லை.
— க.

க. அம்மா, சொல் அழகு. ஆனால் என் தம்பி ஹூஸ்டனில் இருக்கிறான், அங்கே 9 அங்குலம், அதுதான் சரியான சாண். சிகாகோவில் 10, டாலஸில் 12, மினியாபொலிஸில் 8. சொல்லுக்குள் அளவைப் புதைத்தால் ஊருக்கு ஒரு சொல் வேண்டும். "உயரம் மீறிய புல்" என்று எழுதி, எண்ணைத் தனியே தரலாம்.
— இரா.

இரா. சொல்வதே சரி. இன்னொன்று. கனடாவில் ஒரு செடி உண்டு, இலையைக் கிள்ளினால் பால் வடியும், நம் எருக்குக்கு உறவு. மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழு அதைத்தான் தின்னும். 2014 வரை ஒன்டாரியோ அதைத் தீங்குக்களைப் பட்டியலில் வைத்திருந்தது, பிறகு எடுத்துவிட்டது. ஆகவே பட்டியலில் உள்ளவற்றை மட்டும் "தடைசெய்த செடிகள்" என்போம். களை என்ற பழி தானாக முளைத்த எல்லாவற்றின் மேலும் விழ வேண்டாம்.
— ம.நா.

எல்லோருக்கும் நன்றி. "உயரம் மீறிய புல்", "தடைசெய்த செடிகள்". ஐந்து பேரில் மூவர் ஒப்பியதால் இதையே அனுப்புகிறேன். ம.நா. ஐயா தனிமடலில் கேட்ட "புற்றரை" திருத்தமானதுதான், ஆனால் அச்சில் "புல்தரை" என்றே இருக்கும். தலைப்பு "உங்கள் முற்றமும் மாநகர விதிகளும்".
— சி.

தம்பி, பற்றையை விட்டிட்டியள், சரி. முற்றம் எண்டு மட்டும் போடாதேங்கோ. முற்றத்தில ஒரு புல்லும் நிக்கக் கூடாது எண்டு அம்மா விடிய எழும்பி, விளக்குமாத்தின்ர கீறு மண்ணில தெரியத் தெரியக் கூட்டுவா. புல்லு நிக்கிற இடத்துக்கு வளவு எண்டு போடுங்கோ.
— வே.