ஸ்பொஞ்சை வெள்ளையாகக் கழுவினேன், மீன் படுத்துவிட்டது

வெள்ளவத்தையிலிருந்து:

முதலில் என்னுடைய முட்டாள்தனத்தை எழுதிவிடுகிறேன், பிறகு உங்கள் கதைகளைச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் இரண்டடித் தொட்டி, ஐம்பது லீட்டர் சொச்சம் பிடிக்கும், அதில் இரண்டு கோல்ட் பிஷ். தலையில் தொப்பி வைத்த மாதிரிச் சதை வளரும் ஒரண்டாவுக்கு மகள் லட்டு என்று பெயர் வைத்திருக்கிறாள். வெசாக் லீவு முடிந்த வாரம் லட்டு செட்டைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு மூலையில் போய் ஒதுங்கியது. அடுத்த நாள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது, வாலில் சிவப்பு நூல் மாதிரிக் கோடுகள் வேறு.

மீன் கடையில் போனில் படத்தைக் காட்டினேன். பையன் சரியாகப் பார்க்கக்கூட இல்லை, நீல மருந்து ஒரு போத்தலை எடுத்துத் தந்தான். ஊற்றினேன். தொட்டி மூலைகளில் இருக்கும் சிலிக்கன் இன்றுவரை நீலம்தான். ஐந்து நாளாகியும் மாற்றமில்லை, மற்ற மீனும் மேலே வந்து வாயைப் பிளக்கத் தொடங்கியது.

கீழ் வீட்டு அங்கிள் வருஷக்கணக்காக மீன் வளர்ப்பவர். வந்து பார்த்துவிட்டு மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, "பில்டரை எப்படிக் கழுவுறீங்கள் பிள்ளை?" என்றார். நான் பெருமையாகச் சொன்னேன், ஒவ்வொரு ஞாயிறும் ஸ்பொஞ்சைக் குழாயடியில் பிடித்து, பிரஷ் போட்டு, வெள்ளையாகும்வரை தேய்ப்பேன் என்று. அவர் சிரித்த சிரிப்பு! "அதுக்குள்ளதான் ஒரு ஊரே குடியிருந்தது, நீங்கள் ஊரையே கழுவி விட்டுட்டீங்கள்."

சாதாரண தரத்தில் நைதரசன் வட்டம் என்று பாடமாக்கினோமே, அதேதான். மீனின் கழிவிலும் செவுளிலும் இருந்து அமோனியா வருகிறது, ஸ்பொஞ்சில் இருக்கும் பற்றீரியா அதை நைத்திரைற்றாக்கி, இன்னொரு வகை அதை அவ்வளவு ஆபத்தில்லாத நைத்திரேற்றாக்குகிறது. களனி கங்கைத் தண்ணீரை அம்பத்தலையில் சுத்திகரித்துக் குளோரின் போட்டு அனுப்புவது நாங்கள் குடிப்பதற்கு, பற்றீரியா வாழ்வதற்கில்லை. நான் வாராவாரம் அவற்றைக் கொன்றேன், மிச்சமிருந்தவற்றுக்கு நீல மருந்தும் ஊற்றினேன். அங்கிள் அமோனியா பார்க்கும் சோதனைக் குழாயில் மஞ்சளாக வரவேண்டிய தண்ணீர் கடும் பச்சையாக வந்தது, அவ்வளவு அமோனியா.

பிறகு செய்தது இதுதான். மூன்று நாள் மீன்களுக்குச் சாப்பாடு இல்லை (மகள் என்னோடு கதைக்கவில்லை). தினமும் மூன்றிலொரு பங்குத் தண்ணீரை எடுத்துவிட்டு, இரண்டு வாளியில் முதல்நாள் இரவே பிடித்து, காற்றுக் குமிழ் விடும் கல் போட்டு வைத்த தண்ணீரை விட்டேன். எங்கள் பிளாட்டில் மத்தியானம் குழாயைத் திறந்தால் மொட்டைமாடி டாங்கியிலிருந்து தேத்தண்ணி மாதிரி வரும், அதனால் இரவில்தான் பிடிக்க வேண்டும். சூடான தண்ணீரில் ஒட்சிசன் குறைவு: 20 பாகையில் லீட்டருக்கு ஏறக்குறைய 9 மில்லிகிராம் கரையும், 30 பாகையில் ஏழரைதான். கோல்ட் பிஷ் குளிர்த் தண்ணீர் மீன், கொழும்பு வெயிலில் அதற்கு ஏற்கெனவே மூச்சுமுட்டல்தான். கல் உப்பும் லீட்டருக்கு ஒரு கிராம் கணக்கில் கரைத்து, இரண்டு நாளாகப் பிரித்து விட்டேன், நைத்திரைற்று செவுளுக்குள் போவதை உப்பு தடுக்கும். உப்பு ஆவியாகாது, எடுத்த தண்ணீருக்கு மட்டும்தான் திரும்பப் போட வேண்டும், இது எனக்கு முதலில் விளங்கவில்லை. அங்கிள் தன் பில்டரிலிருந்து ஊத்தை ஸ்பொஞ்சில் ஒரு துண்டு வெட்டித் தந்தார். அந்த ஊத்தைதான் எல்லாவற்றிலும் பெரிய மருந்து. மூன்று வாரத்தில் சோதனைக் குழாய் மஞ்சளுக்கு வந்தது.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

அக்கா, ஊர் அழிந்த கதை என்னிடமும் இருக்கு. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லையே, அப்போது நானும் தம்பியும் முறை போட்டு, கோப்பையால் தண்ணீரை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தோம், காற்றுக் கலக்க வேண்டுமே. மீன்கள் தப்பிவிட்டன என்று நினைத்தேன். கரண்ட் வந்ததும் மூடி போட்ட பெரிய பில்டர் தானாக ஓடியது, உள்ளே மணித்தியாலக் கணக்காக ஓட்டமில்லாமல் நின்ற அழுகல் தண்ணீர் முழுக்கத் தொட்டிக்குள். கூழ்முட்டை நாற்றம். காலையில் இரண்டு மிதந்தன. இப்போது கரண்ட் போனால் முதல் வேலை பிளக்கைக் கழற்றுவது, நீண்ட நேரம் நின்றிருந்தால் பில்டரைத் திறந்து உள்ளிருப்பதை ஊற்றிவிட்டுத்தான் திரும்பப் போடுவேன்.

தெஹிவளையிலிருந்து:

எல்லாரும் சோகமாக எழுதுகிறீர்கள், நான் ஒரு வெட்கக்கேட்டை எழுதுகிறேன். என் மீனின் செவுள் மூடியில் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள். வெள்ளைப்புள்ளி நோய்தான் என்று தனி வாளியில் போட்டுப் பத்து நாள் வைத்தியம். மீன் நன்றாகத்தான் சாப்பிட்டது, ஓடியது, புள்ளி மட்டும் போகவில்லை. கொஞ்சம் உற்றுப் பார்த்திருக்கலாம்: நோய் என்றால் ரவை தூவின மாதிரி வால், உடம்பு எல்லா இடமும் வரும், மீன் கல்லில் உரசும். இதற்குச் செவுள் மூடியிலும் முன்செட்டையின் முதல் முள்ளிலும் மட்டும் வரிசையாக இருந்தது. ஆண் மீனுக்கு இனப்பெருக்கக் காலத்தில் வருவது அது. மாப்பிள்ளைக்கு நான் காய்ச்சல் மருந்து கொடுத்திருக்கிறேன். திரும்பத் தொட்டியில் விட்ட இரண்டாம் நாளே பெட்டையைத் துரத்தித் துரத்தி, விடியற்காலை பாசியெல்லாம் முட்டை. நான் கோப்பி போட்டுக்கொண்டு வருவதற்குள் பாதியை இரண்டும் சேர்ந்து தின்றுவிட்டன.

வெள்ளவத்தையிலிருந்து:

தெஹிவளை, சிரித்து முடியவில்லை. ஆனால் எனக்கும் அப்படி ஒன்று நடந்தது. லட்டு தேறி ஓடத் தொடங்கிய பிறகு வாலோரத்திலும் தொப்பியிலும் கரி பூசின மாதிரிக் கறுப்பு வந்தது, மகள் கத்திக்கொண்டு வந்தாள், நான் நீலப் போத்தலைத் தேடிப் போய்விட்டேன். அங்கிள்தான் தடுத்தார், அமோனியா சுட்ட புண் ஆறும்போது அப்படிக் கறுக்குமாம். இப்போது வால்நுனியில் ஒரு பொட்டுத்தான் மிச்சம். போத்தலை அங்கிளே எடுத்துக்கொண்டு போய்விட்டார், கேட்டாலும் தரமாட்டாராம்.