சென்னை – பலாலி: 356 கி.மீ.க்கு ஒன்றேகால் மணி நேரமா?

தாம்பரம்வாசி:
அடுத்த மாதம் அம்மாவை அழைத்துக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குப் போகிறேன். சென்னையிலிருந்து நேராக யாழ்ப்பாணம், பலாலி விமான நிலையம். வரைபடத்தில் அளந்தால் வான்வழியாகச் சுமார் 356 கி.மீ. மணிக்கு 850 கி.மீ. என்று கணக்குப் போட்டால் 25 நிமிடம்தான் வருகிறது. டிக்கெட்டிலோ ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல். இதில் வேடிக்கை, கொழும்பு 650 கி.மீ.; அதற்கும் ஏறக்குறைய இதே நேரம்தான்! நடுவில் எங்காவது இறக்கி ஏற்றுகிறார்களா? அம்மாவுக்கு மூட்டுவலி, அதனால் கேட்கிறேன்.

சும்மா_ஒருவன்:
நேர வித்தியாசமாக இருக்கும். இலங்கை அரை மணி முன்னால்தானே?

றெக்கை:
அது பழைய கதை. 2006 ஏப்ரலிலேயே நம் நேரத்துக்கு வந்துவிட்டார்கள். இப்போது இரண்டு ஊரிலும் ஒரே மணிதான்.

850 என்பது ஜெட் வேகம். பலாலிக்குப் போவது ஏடிஆர் 72, இறக்கைக்கு ஒன்றாக இரண்டு விசிறி வைத்த விமானம். மேலே ஏறி நிதானித்த பிறகும் மணிக்குச் சுமார் 500 கி.மீ.தான். 356ஐ 500ஆல் வகுங்கள், 43 நிமிடம். கொழும்புக்கு ஏ320 மாதிரி ஜெட், 830 கி.மீ. போகும், 650ஐ வகுத்தால் 47. வித்தியாசம் நாலே நிமிடம். ஏடிஆருக்கு ஏறத்தாழ 1,300 மீட்டர் ஓடுதளம் இருந்தால் போதும், அதனால்தான் பலாலி மாதிரி சின்ன நிலையங்களுக்கு அதை விடுகிறார்கள்.

மீதி அரை மணி எங்கே போகிறது என்றால், டிக்கெட் நேரம் பறக்கும் நேரம் மட்டும் இல்லை. சென்னையில் நிற்கும் இடத்தை விட்டு நகர்ந்ததிலிருந்து பலாலியில் போய் நிற்கும்வரை எல்லாம் சேர்த்தி. ஓடுதளம்வரை ஊர்ந்து போவது, முன்னால் நிற்கும் விமானங்களுக்குக் காத்திருப்பது, ஏறுவது, இறங்குவதற்கு முன் சுற்றி வருவது எல்லாம் அதற்குள்தான். பல நாட்களில் குறித்த நேரத்துக்கு முன்பே இறங்கிவிடும். நடுவில் நிறுத்தம் கிடையாது.

தாம்பரம்வாசி:
அப்பாடா. கொழும்பு டிக்கெட் மலிவாகத் தெரிகிறது, அப்படிப் போனால்?

வடமராட்சியான்:
தம்பி, மூட்டுவலிக்காரரோடை அந்த எண்ணமே வேண்டாம். கொழும்பு விமான நிலையம் இருக்கிற கட்டுநாயக்காவிலையிருந்து யாழ்ப்பாணம் றோட்டாலை நானூறு கிலோமீற்றருக்குக் கிட்ட, பஸ்ஸிலை ஒரு பகல் போயிடும். பலாலியிலை இறங்கினால் யாழ் நகரம் பதினாறு பதினேழு கிலோமீற்றர்தான். பெரியம்மா வீடு எந்தப் பக்கம்?

தாம்பரம்வாசி:
சுன்னாகம், அண்ணா.

வடமராட்சியான்:
அப்ப டவுனுக்கே போகத் தேவையில்லை, அது வழியிலைதான். வீட்டுக்காரரை வரச் சொல்லுங்கோ, இல்லாட்டி ஓட்டோ பிடிக்கலாம். விமானத்தாலை இறங்கித் தரையிலை கொஞ்சம் நடக்கவேணும், விமானக் கதவிலையிருந்து நேரே கட்டடத்துக்குள்ளை போற கூண்டுப் பாலம் ஒண்டும் இல்லை.

றெக்கை:
ஏடிஆரில் ஏறி இறங்குவது பின்கதவு வழியாக. ஜெட் அளவுக்கு உயரம் இல்லை, நாலைந்து படிதான். ஆனாலும் சக்கர நாற்காலி வேண்டும் என்று இப்போதே பதிந்துவிடுங்கள், கவுன்டரில் போய்ச் சொன்னால் காக்க வைப்பார்கள். இருக்கை பின்வரிசையில் எடுங்கள், அம்மா நடக்கும் தூரம் குறையும்.

தாம்பரம்வாசி:
பின்வரிசையில் ஜன்னலோரம் இன்னும் காலியாக இருக்கிறது. எடுத்துவிட்டேன்.