100 சதவீதம் இறங்கிய பிறகு 'வட்டில் இடம் இல்லை' என்கிறது

வியாசர்பாடி கோச்:
இங்கே பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். போன வாரம் கடைசிப் பத்து நிமிடத்தில் இரண்டு கோல் வாங்கித் தோற்றோம், இரண்டும் கார்னரில். யார் எங்கே நின்றான் என்று பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும். வாயால் சொன்னால் ஒருவன் மேல் ஒருவன் பழி போடுகிறான். போட்டி நடத்தியவர்கள் முழு ஆட்டத்தையும் ஒரே வீடியோவாக அனுப்பினார்கள். 6.3 ஜிபி.

என் பழைய மடிக்கணினியின் சி டிரைவில் 9 ஜிபிதான் காலி. அதனால் டவுன்லோடு மேனேஜரில் சேமிக்கும் இடமாக 32 ஜிபி பென் டிரைவைக் கொடுத்தேன். விடியும்போது 100 சதவீதம் இறங்கிவிடுகிறது. பிறகு துண்டுகளை இணைக்கும் பச்சைக் கோடு மூன்றில் இரண்டு பங்கு வரை ஊர்ந்து, 'வட்டில் இடம் இல்லை' என்று நின்றுவிடுகிறது. பென் டிரைவில் ஒன்றுமே இல்லை! இரண்டு முறை ரத்து செய்து மறுபடி இறக்கினேன். இது மூன்றாவது முறை. பென் டிரைவ் கெட்டுவிட்டதா? ஞாயிறு காலை பிள்ளைகள் வந்துவிடுவார்கள்.

கொருக்குப்பேட்டை கணினி சர்வீஸ்:
மாஸ்டர், ரத்து பொத்தானை மட்டும் தொடாதீர்கள். இறங்கிய துண்டுகள் சி டிரைவில் தற்காலிகக் கோப்புறையில் அப்படியே இருக்கின்றன.

பென் டிரைவ் நன்றாகத்தான் இருக்கிறது. அது ஃபேட்32 அமைப்பில் இருக்கும். கோப்புகளை வட்டில் அடுக்கிவைக்க 1996-இல் வந்த முறை. கோப்பின் அளவைக் குறித்துவைக்க 32 பிட்தான் ஒதுக்கியிருக்கிறது. ஆகவே ஒரு கோப்பு 4,29,49,67,295 பைட்டைத் தாண்டக் கூடாது, 4 ஜிபிக்கு ஒரு பைட் குறைவு. எவ்வளவு காலி இருந்தாலும் இதே கதைதான். துண்டுகள் ஒவ்வொன்றும் சிறியவை என்பதால் இறங்கும்போது சிக்கல் தெரியவில்லை. ஒன்றாகச் சேர்க்கும்போதுதான் முட்டுகிறது.

பென் டிரைவை, இந்த 4 ஜிபி வரம்பு இல்லாத எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்யுங்கள். உள்ளே இருப்பது அழிந்துவிடும், வேண்டியதை முதலில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். பிறகு மேனேஜரில் 'தொடர்' அழுத்திப் பாருங்கள்.

ராயபுரம் கல்யாண வீடியோ:
அண்ணே, ஒரு எச்சரிக்கை. பழைய டிவிகள் பலவும் எக்ஸ்ஃபேட்டைப் படிப்பதில்லை. உங்கள் டிவியும் அப்படி என்றால், இணைந்த வீடியோவை இடைவேளையில் இரண்டாக வெட்டிவிடுங்கள். மறுபடி என்கோட் செய்யாமல் வெட்டும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன, சில நிமிட வேலை. பாதிக்கு 3 ஜிபி சொச்சம் வரும், ஃபேட்32-க்கே போதும். மூன்று மணி நேரத் தாலிகட்டு வீடியோவை நான் இப்படித்தான் கொடுக்கிறேன்.

வியாசர்பாடி கோச்:
இருவருக்கும் நன்றி. எக்ஸ்ஃபேட் ஆக்கியதும் 'தொடர்' அழுத்தினேன், பதினைந்து நிமிடத்தில் இணைந்துவிட்டது. புதிதாக ஒரு எம்பிகூட இறக்கவில்லை. தம்பி பயந்தபடியே மன்றத்து டிவி அதைப் படிக்கவில்லை. துண்டுகள் அழிந்து சி டிரைவில் இடம் வந்திருந்ததால், இரண்டு பாதியாக வெட்டி அங்கே வைத்து, பென் டிரைவை மறுபடி ஃபேட்32 ஆக்கி ஏற்றினேன்.

இன்று காலை போட்டுக் காட்டினேன். இரண்டு கார்னரிலும் தூரத்துப் போஸ்ட்டில் ஆளே இல்லை. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்காம் எண் பையன் எழுந்துபோய்த் திரையில் அந்த இடத்தில் விரல் வைத்தான். அடுத்த ஆட்டத்தைப் பாதி பாதியாக அனுப்பும்படி கேட்டிருக்கிறேன்.