காய்களோடு சேர்த்துச் சுடும்போது பன்றி இறைச்சி வறண்டுபோவது ஏன்?

கேள்வி:
மத்தியதரைக் கடல் பகுதிச் சமையலைப் பின்பற்றி, அரை கிலோ எலும்பில்லாத பன்றி இறைச்சியை எலுமிச்சைச் சாறு, பூண்டு, ஆரிகானோ, ஆலிவ் எண்ணெய் ஆகியவற்றில் முந்தைய இரவே ஊற வைத்து, கத்திரிக்காய், குடைமிளகாய், சுக்கினி, தக்காளியுடன் ஒரே தட்டில் நெருக்கமாக அடுக்கி, 180 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் ஓவனில் வைத்தேன். இறைச்சி சக்கையாகிவிட்டது, காய்களோ சிவக்காமல் தம் நீரிலேயே குழைந்து கிடந்தன. என் இறைச்சி, முதுகெலும்பின் உட்புறம் ஒட்டியிருக்கும் மெல்லிய துண்டு. எங்கே பிசகினேன்?

மறுமொழி 1:
அந்தத் துண்டில் கொழுப்பு மிகக் குறைவு என்பதால் அது ஒரு மணி நேரம் தாங்காது. ஓவனை 220 டிகிரிக்கு ஏற்றி, காய்களை மட்டும் முதலில் இருபது நிமிடம் சுடுங்கள். பிறகு, வாணலியில் எல்லாப் பக்கமும் சிவக்க வைத்த இறைச்சியை அவற்றின் மேல் வைத்தால் ஏறத்தாழ 15 நிமிடங்களில் வெந்துவிடும். கடிகாரத்தைவிட வெப்பமானியை நம்புங்கள்: முழுத் துண்டுக்கு உள்வெப்பம் 63 டிகிரியை எட்டி, மூன்று நிமிடம் ஆறினால் போதும் என்று அமெரிக்க வேளாண்மைத் துறை 2011-இல் அறிவித்தது. நடுவில் இளஞ்சிவப்பு தெரிந்தால் அஞ்ச வேண்டாம். கொத்துக்கறிக்குத்தான் 71 டிகிரி தேவை.

மறுமொழி 2:
எலுமிச்சையையும் கவனியுங்கள். புளிப்பு இரவு முழுவதும் ஊறினால் இறைச்சியின் மேற்பரப்பு மாவுபோல் ஆகிவிடும். ஆகவே உப்பை முன்கூட்டியே தடவி, சாற்றை இறக்கிய பின் பிழியுங்கள். காய்கள் ஒன்றையொன்று தொடாமல் இருந்தால்தான் நீராவி வெளியேறும். தக்காளியைக் கடைசியில் சேர்க்கலாம்.

மறுமொழி 3:
காய்கள் குழைவதே குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். கிரேக்கர்களின் பிரியாம் என்ற உணவில் காய்கள் ஆலிவ் எண்ணெயில் குழைந்து வருவதுதான் சுவை. அந்தப் பதம் பிடித்திருந்தால், கொழுப்புள்ள தோள்பட்டை இறைச்சியை வாங்கி, மூடியிட்டு, 160 டிகிரியில் இரண்டரை மணி நேரம் விடுங்கள்; முள்கரண்டி பட்டாலே பிரிந்துவரும்.

கேட்டவர்:
நேற்று முதல் இரு மறுமொழிகளின்படி செய்தேன். 61 டிகிரியில் வெளியே எடுத்துத் தளர்வாக மூடி வைத்தேன். ஐந்து நிமிடத்தில் வெப்பமானி 64-ஐக் காட்டியது. நறுக்கியபோது பலகையில் சாறு அதிகம் வழியவில்லை. தக்காளி மட்டும் ஓரங்களில் கருகியிருந்தது. ஆனால் வீட்டில் முதலில் தீர்ந்தது அதுதான்.