ஓய்வுநாளே வாரத்தின் நெருக்கடியான நாளாகிவிட்டால்?

கேள்வி: பாளையங்கோட்டையிலிருந்து ஒரு சகோதரி

நான் வங்கியில் பணிபுரிகிறேன். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் பாடகர் குழு, ஓய்வுநாள் பாடசாலை, ஆராதனை முடிந்ததும் பெண்கள் ஐக்கிய சங்கம், மாலையில் வீட்டு ஜெபக்கூட்டம் என்று நாள் முழுவதும் ஆலயத்துக்கும் வீட்டுக்கும் இடையே ஓடிக்கொண்டிருக்கிறேன். எல்லாமே நல்ல காரியங்கள் என்பதால் எதையும் விட மனம் வருவதில்லை.

என் மாமியாருக்குக் கண்புரை முற்றியதிலிருந்து, இரவில் படுக்கப்போகுமுன் அவருக்கு வேதாகமத்திலிருந்து ஒரு சங்கீதம் வாசித்துக் காட்டுவது வழக்கம். சென்ற வாரம் 119ஆம் சங்கீதம் வந்தது. அன்று, சபையார் படைத்த விளைச்சலை ஏலம் விடும் அறுப்பின் பண்டிகையின் கணக்கை முடித்தாக வேண்டும். வாழைத்தார் எவ்வளவு, நாட்டுக்கோழி எவ்வளவு என்று மனம் கூட்டிக்கொண்டிருந்தது. 176 வசனங்களுக்கு எங்கே போவது? முதல் எட்டு வசனங்களை வாசித்துவிட்டு ஒரேயடியாக 105ஆம் வசனத்துக்குத் தாவி, "உம்முடைய வசனம் என் கால்களுக்குத் தீபம்" என்று முடித்து வேதாகமத்தை மூடிவிட்டேன். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. நான் விளக்கை அணைத்த பிறகு, இருட்டிலே, "வாலிபன் தன் வழியை எதினால் சுத்தம்பண்ணுவான்" என்று, நான் விட்டுவிட்ட ஒன்பதாம் வசனத்திலிருந்து அவராகவே மனப்பாடமாகச் சொல்லத் தொடங்கினார்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றுகிறது. ஆனால் அது ஊழியத்தில் சோம்பல் ஆகிவிடாதா என்ற பயமும் இருக்கிறது. உங்கள் ஆலோசனை வேண்டும்.

பதில் 1: ஓய்வுபெற்ற சபை ஊழியர்

சகோதரி, உங்கள் கேள்விக்கு எல்லாரும், இயேசு வீட்டுக்கு வந்தபோது பற்பல வேலைகளில் வருந்திய மார்த்தாள், அவர் பாதத்தருகே அமர்ந்து வசனம் கேட்ட அவள் சகோதரி மரியாள் கதையைத்தான் எடுப்பார்கள். சமைத்துப்போடுகிற பெண்களைக் குற்றவாளிகளாக்க அந்தப் பகுதியைப் பிரசங்க பீடத்திலிருந்து நாங்களே வேண்டிய அளவு பயன்படுத்திவிட்டோம் என்பதால், நான் மாற்கு சுவிசேஷம் முதலாம் அதிகாரத்துக்குப் போகிறேன்.

கப்பர்நகூமில் பொழுது சாய்ந்தபின் ஊர் முழுவதும் வாசலில் கூடியிருக்கிறது. இயேசு அநேகரைச் சொஸ்தமாக்குகிறார். மறுநாள் அதிகாலையில், இருட்டோடே எழுந்து, வனாந்தரமான ஓரிடத்துக்குப் போய் ஜெபம்பண்ணுகிறார். சீஷனான சீமோன் பின்தொடர்ந்து வந்து, "உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்" என்கிறான். நம்மில் யாராக இருந்தாலும் அந்த ஒரு வாக்கியத்துக்கு உடனே புறப்பட்டிருப்போம். அவரோ அடுத்த ஊர்களிலும் பிரசங்கிக்கப் போவோம் என்று சொல்லி, "இதற்காகவே புறப்பட்டுவந்தேன்" என்கிறார். கப்பர்நகூமில் அன்று காத்திருந்தவர்களின் தேவை உண்மையான தேவைதான். ஆனாலும் தாம் எதற்காக வந்தார் என்பது அவருக்குத் தெரிந்திருந்ததால், தேடப்படுகிற இடத்துக்கெல்லாம் திரும்பிப் போகவேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. அதே இயேசுதான் பின்னொரு நாள், சாகக் கிடந்த யவீருவின் மகளைப் பார்க்கப் போகும் அவசரத்திலும், பன்னிரண்டு வருஷம் பெரும்பாடுள்ள, அதாவது உதிரப்போக்குள்ள, ஒரு பெண்ணுக்காக வழியிலே நின்று, "என் வஸ்திரங்களைத் தொட்டது யார்" என்று கேட்டார். இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது, எங்கே போகிறோம் என்று தெரிந்தவரால்தான் வழியில் நிற்கவும் முடிகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

யாத்திராகமம் 18இல், காலைமுதல் மாலைவரை தனியாகவே ஜனங்களின் வழக்குகளை விசாரித்துக்கொண்டிருந்த தம் மருமகன் மோசேயிடம் எத்திரோ, "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்று நேராகவே சொல்லிவிடுகிறார். மோசேயோடு ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்றும் எச்சரிக்கிறார். உங்கள் வீட்டில் அந்த வேலையை உங்கள் மாமியார் இருட்டில் செய்திருக்கிறார் என்றே நினைக்கிறேன். என் யோசனை சிறியதுதான்: 119ஆம் சங்கீதம் எபிரெய எழுத்துகளின் வரிசையில் எட்டெட்டு வசனங்களாக 22 பகுதிகள் கொண்டது. ஒரு இரவுக்கு ஒரு பகுதி வாசியுங்கள்.

பதில் 2: இரவுப் பணிச் செவிலியர்

ஐயா எழுதியதை மதிக்கிறேன். ஆனால் வேகத்தைக் குறையுங்கள் என்கிற அறிவுரை எல்லாருக்கும் எட்டக்கூடியது அல்ல. மாதத்தில் இரண்டு ஞாயிறுகள் எனக்குப் பணி இருக்கும். நான் நிதானமாக நடந்தால் வார்டில் ஒருவர் வலியோடு காத்திருப்பார்.

யாத்திராகமத்தில் ஓய்வுநாளுக்குச் சொல்லப்படும் காரணம் சிருஷ்டிப்பு. உபாகமம் 5இல் அதே கட்டளைக்கு வேறொரு காரணம் வருகிறது: எகிப்திலே அடிமையாயிருந்ததை நினைத்துக்கொள்ளச் சொல்லி, "உன் வேலைக்காரனும் உன் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாறும்படிக்கு" என்கிறது. எனவே ஒருவருடைய இளைப்பாறுதல் இன்னொருவர் முதுகில் ஏறிவிடக்கூடாது. சபையார் எல்லாரும் கூடி உண்ணும் அசனப் பண்டிகையில் நாம் பந்தியில் அமர்ந்து ஐக்கியத்தைப் பற்றிப் பேசும்போது, விடியுமுன்னே அடுப்பு மூட்டியவர்கள் இன்னும் அண்டா கழுவிக்கொண்டிருக்கிறார்கள். சகோதரி ஒரு பொறுப்பை விடுவதானால், அது ஏற்கெனவே சுமக்கிற இன்னொரு பெண்ணின் தலையில் விழாதபடி பார்த்துக்கொள்வதும் ஓய்வுநாளை ஆசரிப்பதில் சேரும் என்பது என் கருத்து. சில வேலைகளை யாரும் செய்யாமலே விட்டால்தான் என்ன?

பதில் 3: நாங்குநேரிப் பக்கத்து வாசகர்

எங்கள் பக்கத்து டோனாவூரை நினைத்துக்கொண்டேன். மிஷனரியான ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1901இல் அங்கு வந்து, ஆதரவற்ற பிள்ளைகளுக்காக முப்பது வருஷம் ஓயாமல் உழைத்தவர். 1931இல் தவறி விழுந்து காயமுற்றபின் 1951இல் மரிக்கும்வரை பெரும்பாலும் தம் அறையிலேயே இருந்தார். அந்த அறையிலிருந்துதான் பல புத்தகங்களை எழுதினார். இதைச் சிலர் 'தேவன் அவரை நிறுத்தினார்' என்று இனிமையாகச் சொல்வதுண்டு. எனக்கு அது உடன்பாடில்லை. அது வலி நிறைந்த இருபது வருஷங்கள். ஆனால், நடக்க முடியாமல் போனபின்னும் அவருடைய அழைப்பு முடிந்துவிடவில்லை என்பதை மறுக்க முடியாது. எலும்பு முறிகிறவரை காத்திராமல், தானாகவே நிற்கக் கற்றுக்கொள்வது நல்லது என்று மட்டும் சகோதரிக்குச் சொல்வேன்.

கேள்வி கேட்டவர், ஒரு வாரம் கழித்து

மூவருக்கும் நன்றி. செவிலியர் சகோதரி எழுதியது உறுத்தியதால், சங்கத்தின் செயலாளர் பொறுப்பை வேறொருவரிடம் தள்ளிவிடாமல், கமிட்டியில் பேசி மாதத்துக்கு நான்கு கூட்டங்களை இரண்டாகக் குறைத்திருக்கிறோம். எதிர்ப்பு வரும் என்று பயந்தேன்; முதலில் கைதட்டியவர் தலைவி அம்மாதான்.

ஐயா சொன்னபடி இரவுக்கு ஒரு பகுதியாகத் தொடங்கினேன். நான்காம் இரவு, நான்காம் எபிரெய எழுத்தான டாலெத்தின் பகுதி. "என் ஆத்துமா மண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது" என்று வாசித்ததும், அத்தை என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். மாமாவை அடக்கம்பண்ணிவிட்டு வந்த இரவில் இந்த வசனத்துக்கு மேல் தம்மால் சொல்ல முடியவில்லை என்று தொடங்கி, கலியாணமாகி வந்து பன்னிரண்டு வருஷத்தில் நான் ஒருமுறையும் கேட்டிராத காரியங்களைப் பத்தரை மணிவரை சொன்னார். எட்டு வசனங்களில் ஒன்றைத்தான் வாசித்திருந்தோம். 22 நாள் கணக்கு அங்கேயே தவறிவிட்டது. இன்றும் டாலெத்திலிருந்துதான் வாசிக்க வேண்டும்.